தாடிக்கொம்பு அழகரும் பக்கத்து சர்வரும்

சித்திரைத் திருவிழாவில் மதுரையில் கள்ளழகர் வைகையில் இறங்குகிறார். திண்டுக்கல்லை அடுத்த தாடிக்கொம்பில் சௌந்தரராஜப் பெருமாள் குடகனாற்றில் இறங்குகிறார். திண்டுக்கல்காரர்களுக்கு மதுரை அறுபது கிலோமீட்டருக்கு மேல், தாடிக்கொம்பு பத்துக்குள். பக்கத்தில் சேவித்துவிட்டுத் திரும்பும் யாரும் பாதி அழகரைப் பார்த்ததாக நினைப்பதில்லை.

அருகில் கிடைப்பதும் தொலைவில் இருப்பதும் ஒன்றுதானா?

இணையத்தைக் கட்டியவர்களும் இந்தக் கேள்வியைச் சந்தித்தார்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் சர்வருக்குத் திண்டுக்கல்லிலிருந்து ஒரு கேள்வி போய்ப் பதில் வர, நேர்கோட்டில் இழை போட்டாலும் சுமார் 140 மில்லிநொடி ஆகும். ஒரு பக்கம் திறக்க இப்படிப் பல நடை வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த கருவி வாங்கினாலும் இதைக் குறைக்க முடியாது. தூரத்தைத்தான் குறைக்க வேண்டும்.

1997-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டேவிட் கார்கர், டாம் லெய்டன், டேனியல் லெவின் உள்ளிட்டோர் அதற்கு உதவும் ஒரு வழியைச் சொன்னார்கள்: வலைப்பக்கங்களின் நகல்களைப் பல சர்வர்களில் பிரித்து வைக்க வேண்டும், ஒரு சர்வர் விழுந்தாலும் சிறு பங்கு மட்டுமே இடம் மாற வேண்டும். மறுவருடமே அதிலிருந்து, இந்த வேலையையே தொழிலாகச் செய்யும் அகமாய் நிறுவனம் பிறந்தது.

ஆனால் வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அருகு, தொலைவு என்ற இந்தச் சிக்கலின் ஆழத்துக்குப் போய்விட்டார். வைகுந்தத்தில் இருக்கும் பரமபதநாதன் எட்டாத தூரத்து நீர். ராமனும் கிருஷ்ணனும் அன்றைக்கு ஓடி வற்றிய வெள்ளம். கோயிலில் நிற்கும் அர்ச்சாமூர்த்தி அந்த வெள்ளம் மடுவில் தேங்கிய நீர் என்கிறது அவருடைய ஸ்ரீவசன பூஷணம். பின்னால் பிறந்தவனும் குனிந்து அள்ளிக் குடிக்கலாம். மடு என்பதால் நீரின் குணம் குறைவதில்லை. அருகாமையைத் தரக்குறைவாக எண்ணும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு இல்லை.

கணினி நகலுக்கு அந்தப் பெருமையை அப்படியே கொடுத்துவிட முடியாது. அர்ச்சை முழுமையானது என்பது வைணவரின் நம்பிக்கை. சர்வரில் உள்ள நகலோ எடுத்த நொடியிலிருந்து பழசாகிறது. அதனால்தான் அதற்குக் காலக்கெடு குறிக்கிறார்கள். கோயில் படம் ஒரு மாதம் பழசானால் யாருக்கும் நட்டமில்லை. ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றப்போகும் விவசாயி செல்போனில் நேற்றைய விலையை இன்றைய விலையாகப் பார்த்தால், பக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தும் அவருக்குக் கிடைத்தது பொய்தான்.

வேகத்துக்காக நகலைக் கொடுப்பதில் தவறே இல்லை. அது எந்த நேரத்து நகல் என்பதை மறைப்பதுதான் தவறு. விலை வெளியிடும் தளங்கள் எல்லாம், அந்த விலையை எத்தனை மணிக்கு எடுத்தோம் என்பதை அதன் பக்கத்திலேயே போட வேண்டும்.