பந்தாடும் பிள்ளைக்கு விலை உண்டா?

பாடசாலை மாணவன் ஒருவன் நன்றாக விளையாடுகிறான். வேறொரு பெரிய கல்லூரி அவனை அழைக்கிறது. விடுதி இலவசம், சாப்பாடு இலவசம், சப்பாத்தும் உடையும் இலவசம். சில வேளைகளில் வீட்டுக்கும் மாதாமாதம் ஏதோ ஒரு தொகை. அவன் போகலாமா? அவனை அப்படி அழைப்பது சரியா? இது நம் குடும்பங்கள் பலவற்றுக்கு வெறும் வாதப் பொருளன்று. சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு முற்றத்தில் வந்து நிற்கும் கேள்வி.

மட்டக்களப்பு வாவியின் கரையில் நின்று பார்த்தால் இதன் முழு உருவமும் தெரியும். படுவான்கரைப் பாடசாலையொன்றில் ஒரு பையன் கெட்டிக்காரனாக வளர்ந்தால் எழுவான்கரையிலுள்ள நகரப் பாடசாலை அவனைக் கண்டுவிடுகிறது. முன்பு பாதைப் படகுக்குக் காத்திருந்து வாவியைக் கடக்க வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பின் அந்தத் தடையும் இல்லை. நகரப் பாடசாலையில் இரண்டு வருடம் ஆடி மாகாண மட்டத்தில் பேர் எடுத்தால், உயர்தர வகுப்புக்குக் கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ அழைப்பு வருகிறது. செலவைப் பெரும்பாலும் அங்குள்ள பழைய மாணவர்கள் ஏற்கிறார்கள். ‘நாங்கள் வளர்த்தோம், அவர்கள் கொண்டு போய்விட்டார்கள்’ என்று நகரத்து ஆசிரியர் மனம் வெதும்புகிறார். வெதும்புவது நியாயந்தான். ஆனால் அதே பையனைப் படுவான்கரையிலிருந்து தாம் கொண்டுவந்ததை அவர் அந்நேரம் நினைப்பதில்லை.

இந்த வழி எங்கே போய் முடியும் என்பதை அறிய அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே ‘கல்லூரி’ என்றால் பல்கலைக்கழகம். அவர்களுடைய ‘புட்போல்’ நம் உதைபந்தாட்டமன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடும், றகருக்குத் தம்பி முறையான ஆட்டம். மாணவர்கள் ஆடும் அந்த ஆட்டத்தைப் பார்க்க ஒரு இலட்சம் பேர் கூடும் மைதானங்கள் உண்டு. தொலைக்காட்சிப் பணம் கோடிக்கணக்கில் வரும். பயிற்றுநர் சிலர் வருடத்துக்கு ஒரு கோடி டொலர் வாங்குவர். ஆனால் ஆடும் மாணவனுக்குப் படிப்புச் செலவும் தங்குமிடமுமே கொடுக்கலாம், அதற்கு மேல் கூடாது என்பது நெடுங்காலச் சட்டம். இரகசியமாகக் காசு கொடுத்த குற்றத்துக்காகத் தெற்கு மெதடிஸ்த பல்கலைக்கழக அணிக்கு 1987ஆம் ஆண்டின் ஆட்டங்கள் முழுவதும் தடைசெய்யப்பட்டன.

இப்போது அந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒருமனதாக, கல்வி சார்ந்த சலுகைகளுக்கு வரம்பு வைத்தது தவறு என்றனர். அடுத்த மாதமே, வீரர் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றாயிற்று. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கையின்படி பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருடத்துக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் உச்சவரம்பு 2 கோடியே 5 இலட்சம் டொலர். இடம் மாறுவதும் இலகுவாயிற்று. முன்பு மாறியவன் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021இல் ஒரு தடவை தடையின்றி மாறலாம் என்றும், 2024இல் எத்தனை தடவையும் மாறலாம் என்றும் விதி தளர்ந்தது. டென்னசிப் பல்கலைக்கழகத்தின் முன்னணி வீரர் ஒருவர் 2025 ஏப்ரலில் ஊதியத் தகராற்றில் அணியை விட்டு நீங்கி கலிபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

இதைக் கேட்டவுடன் ‘கலிகாலம்’ என்று தலையில் அடித்துக்கொள்வது எளிது. எமக்கு அப்படித் தோன்றவில்லை. பயிற்றுநர் கோடி வாங்கலாம், தொலைக்காட்சி நிலையம் கோடி வாங்கலாம், முழங்காலைப் பணயம் வைத்து ஓடும் பையன் மட்டும் ‘விளையாட்டின் தூய்மையை’க் காக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? உழைத்தவனுக்குக் கூலி கொடுப்பதில் பாவமில்லை. கொடுக்காமல் வைத்திருந்ததே பாவம்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பென்சில்வேனியாவின் லொறெற்றோ என்னும் சிற்றூரில் பிரான்சிஸ்கன் துறவிகள் நடத்தும் புனித பிரான்சிஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2025 மார்ச்சில் அதன் கூடைப்பந்து அணி தேசியச் சுற்றுப்போட்டிக்குத் தகுதிபெற்று ஆடியது. அதே மாதம் அந்தப் பல்கலைக்கழகம், மாறிவிட்ட இந்தச் சூழலைக் காட்டி, முதற்பிரிவிலிருந்து விலகி, விளையாட்டுக்கென்று உதவிப்பணம் கொடுக்காத மூன்றாம் பிரிவுக்குப் போகப்போவதாக அறிவித்தது. சட்டம் வீரனுக்கு நியாயம் செய்தது. சிறிய கல்லூரிக்கு அதில் இடமில்லாமற் போயிற்று.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். ‘விளையாட்டுக்காகப் பிள்ளையை இடம் மாற்றுவதே தவறு’ என்பாருக்கு ஒரு கேள்வி. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடையும் கிராமத்துப் பிள்ளையை அரசாங்கமே நகரத்துப் பெரிய பாடசாலைக்கு அனுப்புகிறது. மூளைக்கு உரிய வழி காலுக்கு ஏன் கூடாது? காலி நகரின் வித்தியாலோகக் கல்லூரியில் படித்த லசித் மாலிங்க பின்னர் மகிந்த கல்லூரிக்குப் போனார். மதீஷ பத்திரண கண்டி றணபிம றோயல் கல்லூரியிலிருந்து திரித்துவக் கல்லூரிக்குப் போய், 2022இல் சென்னை அணிக்காக ஐ.பி.எல். ஆடினார். போகாதிருந்தால் என்ன ஆகியிருப்பார்கள் என்று எவரால் சொல்ல முடியும்? மறுபுறம், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்து வளர்ந்த விஜயகாந்த் வியாஸ்காந்தும் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கிலும் 2024இல் ஐ.பி.எல்.லிலும் ஆடினார். ஆகவே போவதே கதி என்றும் சொல்வதற்கில்லை. மீன்பிடியில் வரும் காசில் ஒரு சோடி பந்துச் சப்பாத்து வாங்க இரண்டு மாதம் யோசிக்கும் தகப்பனிடம், ‘ஊர்ப்பற்றோடு இரு’ என்று போதிக்க எமக்கு வாய் வரவில்லை.

பையனிடம் குற்றம் காண முடியாது. அவன் திறமை அவனுடையது. ஆயினும் அது தனியாக முளைத்ததன்று. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் கூடைப்பந்து வேரூன்றியதற்கு இயேசு சபையின் அமெரிக்கக் குருக்கள் பெருங்காரணம். லூசியானாவிலிருந்து வந்து, 1990 ஓகஸ்ட் 15ஆம் நாள் காணாமற்போன ஹேபியர் அடிகளாரை இரு நகரங்களின் ஆட்டக்காரரும் அறிவர். வெபர் அடிகளாரின் பெயரை மட்டக்களப்பு மைதானம் தாங்கி நிற்கிறது. இவர்களிடமும், இவர்களிடம் பழகிய ஆசிரியர்களிடமும் ஆட்டம் கற்றவர்கள், பின்னேரம் பின்னேரமாக மைதானத்தில் நின்று அடுத்த தலைமுறைக்கு அதைக் கைமாற்றினார்கள். அதற்கு எவரும் பற்றுச்சீட்டு எழுதவில்லை. அதனாலேயே கடன் இல்லை என்று ஆகிவிடுமா?

வியப்பு என்னவென்றால், பணத்துக்காகவே நடக்கும் உலக உதைபந்தாட்டச் சந்தை இந்தக் கடனை ஒப்புக்கொள்கிறது. தொழில்முறை வீரனை ஒரு கழகம் இன்னொன்றிடமிருந்து விலைக்கு வாங்கினால், அத்தொகையில் நூற்றுக்கு ஐந்து வீதம், 12 வயது முதல் 23 வயது வரை அவனைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் போகவேண்டும் என்பது பீபாவின் விதி. சிறு நகரத்துக் கழகமொன்று தன் பழைய பையன் பெரிய இடத்துக்கு விலைபோன காசில் மைதானத்துக்கு வேலி அடைத்துக்கொள்ள முடியும். நம் கல்லூரிகளோ தாம் வியாபாரிகள் அல்லர், கல்வி நிலையங்கள் என்கின்றன. அப்படியிருந்தும் பையனை எடுத்துக்கொண்ட கல்லூரி, அவனை வளர்த்த பாடசாலைக்கு ஒரு பந்து அனுப்பியதாகக்கூட நாம் கேள்விப்படுவது அரிது.

கடன் இன்னொன்றும் உண்டு. அது அழைத்த கல்லூரிக்கும் பையனுக்கும் இடையிலுள்ளது. எமக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. பதினாறு வயதில் ஒரு பையன் வீட்டை விட்டுப் போகிறான். முதல் பருவத்திலேயே முழங்கால் சவ்வு அறுகிறது. இனி ஓட முடியாது. அந்த நாளில் அவன் யார்? கல்லூரி மாணவனா, உதவாத சாமானா? விடுதிக் கட்டில் அவனுக்கு இருக்குமா? வைத்தியச் செலவு யாருடையது? தமிழ்மொழி மூலம் படித்தவனைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கும் வகுப்பில் உட்காரவைத்துவிட்டு, பரீட்சையில் தவறினால் ‘அவன் படிப்புக்கு வரவில்லை’ என்று கைகழுவலாமா? அழைத்தபோது காலை மட்டும் அழைக்கவில்லை; பிள்ளை முழுவதையும் அழைத்தார்கள்.

‘பெற்றோர் சம்மதித்துத்தானே அனுப்பினார்கள்’ என்ற பதில் வரும். 1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் பற்றி எழுதிய சுற்றுமடலில் இந்தப் பதிலுக்கே மறுப்பு இருக்கிறது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டதனால் மட்டும் ஓர் ஒப்பந்தம் நீதியாகிவிடாது, வறுமைக்கு அஞ்சித் தலையாட்டியவனின் சம்மதம் முழுச் சம்மதமன்று என்பது அதன் கருத்து. ஆலைத் தொழிலாளிக்குச் சொன்னது, ‘போய்ப் படிச்சு நல்லா வரட்டும்’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பையனைப் பஸ் ஏற்றிவிடும் தாய்க்கும் பொருந்தும்.

ஆதலால் அழைப்பு வந்த வீட்டார் சில காரியங்களைக் கூசாமல் கேட்கட்டும். காயப்பட்டால் உயர்தரப் பரீட்சை முடியும்வரை இடமும் சாப்பாடும் உண்டா? எந்த மொழியில், எந்தப் பாடங்கள்? ஒரு நாளில் பயிற்சி எத்தனை மணி, படிப்பு எத்தனை மணி? பணம் தருவது கல்லூரியா, தனி ஆளா? தனி ஆளென்றால் அவர் கோபித்துக்கொண்ட மாதம் என்ன நடக்கும்? பதிலை அதிபரின் கையெழுத்தோடு எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு ஆட்ட காலம் முடியும்வரைதான் நிற்கும்.

இதற்கெல்லாம் கொழும்பைத் திருத்திவிட்டுத்தான் நாம் தொடங்க வேண்டும் என்பதில்லை. இலவசக் கல்வியைத் தந்த கன்னங்கரா, பிள்ளைகளை நகரத்துக்கு இழுப்பதை விட நல்ல பாடசாலைகளைக் கிராமத்துக்குக் கொண்டுபோக விரும்பியே மத்திய கல்லூரிகளை அமைத்தார். நம் பக்கத்தில் அவ்வழி எழுந்த வந்தாறுமூலை மத்திய கல்லூரி எத்தனையோ ஏழைப் பிள்ளைகளை ஏற்றிவிட்டது. 1981இல் அதன் வளவிலேதான் இன்றைய கிழக்குப் பல்கலைக்கழகம் தொடங்கிற்று. அதில் நூறில் ஒரு பங்கு முயற்சி போதும். படுவான்கரைப் பையன் ஒருவனை அணியில் சேர்த்துக்கொண்ட நகரப் பாடசாலை, தன் பயிற்றுநரை வாரத்தில் ஒரு பின்னேரம் அந்தப் பையனின் பழைய பாடசாலைக்கு அனுப்பட்டும், இரண்டு பந்தோடு. பாலம் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் போனால் அரைமணி, முக்கால் மணி நேரப் பயணம்.