ஓடுபாதையும் எதிர்ப்பதிவும்

விருத்தாசலத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் உளுந்தூர்ப்பேட்டை. அங்கே, இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படைக்காகப் போடப்பட்ட ஓடுபாதை கிடக்கிறது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு வீசின. சென்னை ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு உள்ளூர்களுக்கு ஓடினார்கள். அந்தக் காலத்துப் பயத்தின் ஸ்தூல வடிவம் இந்தத் தரை. இதைப் பாதுகாக்க வேண்டுமா என்பதை நான் ஒரு தார்மீகப் பிரச்னையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

வேண்டாம் என்பதற்கு நியாயம் உண்டு. 1939இல் வைஸ்ராய் லின்லித்கோ நம்மைக் கேட்காமலே நம்மைப் போரில் சேர்த்தார். அதை முன்னிட்டே சென்னையில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தது. நம்முடையதல்லாத போரின் எச்சத்துக்கு நாம் ஏன் காவல் இருக்க வேண்டும்? புல் மூடட்டும் என்று விட்டுவிடுவதும் ஒருவித விடுதலைதான் என்று வாதிடலாம்.

இந்த வாதம் எனக்குப் போதவில்லை. மறதி எல்லோரையும் ஒரே அளவில் அழிப்பதில்லை. விமானப்படையின் தஸ்தாவேஜுகள் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. ஜல்லி உடைத்தவர்களுக்கும் கூடை சுமந்தவர்களுக்கும் அப்படி ஒரு காப்பகம் கிடையாது. அவர்களுக்கு மிஞ்சிய சாட்சியம் இந்தத் தரை ஒன்றுதான். புல் முதலில் மூடுவது அவர்களைத்தான்.

ஆனால் பாதுகாப்பதும் அப்பாவித்தனமான காரியமல்ல. தாய்லாந்தில் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 நேச நாட்டுப் போர்க்கைதிகள் வரிசையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் போட்ட அதே சயாம் ரயில் பாதையில், மலேயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோன தமிழர்களும் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். அந்த வரிசைகளில் அவர்களுக்கு இடமில்லை. ஊரில் அவர்களுக்கென்று ஒரு நடுகல் நிற்க 2023 வரை ஆயிற்று. எந்தத் தரப்பின் போரானாலும் கூலிக்குக் கிடைத்த இடம் ஒன்றே. எங்கள் ஊர்ப் பீங்கான் சாமானைக் கவிழ்த்துப் பார்த்தாலும் இதே கதைதான். அடியில் முத்திரை இருந்தால் அது கம்பெனியுடையது. களிமண் பிசைந்தவன் பெயர் இருக்காது.

என் ஜீவனம் பேரேட்டில். பற்று ஒன்று எழுதினால் எங்கோ ஒரு வரவு எழுதியாக வேண்டும். இல்லையென்றால் கணக்கு நேராகாது. பாரம்பரியச் சின்னம் என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் எழுதிய கணக்கு. கட்டியது எந்த அரசு, வந்தது எந்தப் படை என்பதோடு பலகை முடிந்துவிடுகிறது.

ஆகவே பாதுகாப்பதா விடுவதா என்பது இரண்டாவது கேள்வி. யாருடைய நிலம் போயிற்று, நாள்கூலி என்ன, எந்தெந்தக் கிராமத்தவர் சுமந்தார்கள் என்பது முதல் கேள்வி. தாலுகா ஆபீஸ் காகிதங்களிலும், சுற்றுக் கிராமங்களில் வழிவழியாக வரும் பேச்சிலும் இதைத் தேடுவதற்கு ஓடுபாதையில் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்க வேண்டியதில்லை. இதைச் செய்யாமல் கம்பிவேலி போட்டுப் பலகை நட்டால், பழைய எஜமானுக்கு நாம் இன்னொரு தரம், இந்த முறை கூலிகூட வாங்காமல், வேலை செய்தவர்களாவோம்.