செப்டம்பர் யாருடையது

இத்தாலியின் மிகப் பெரிய ஏரி கார்டா. பரப்பு சுமார் 370 சதுர கிலோமீட்டர். எண்ணூருக்கு வடக்கே இருக்கிற நம் பழவேற்காடு ஏரி மழைக்கு விரிந்து கோடைக்குச் சுருங்குவது. நிறைந்த காலத்தில் அது கார்டாவைவிடப் பெரியது. ஆழத்தில்தான் பக்கத்தில் நிற்க முடியாது. கார்டா ஓரிடத்தில் 346 மீட்டர் இறங்குகிறது. பழவேற்காட்டில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள்.

மகள் எங்களைக் கார்டாவுக்கு அழைத்துப்போவதாக முடிவு செய்ததிலிருந்து வீட்டில் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. "தண்ணியப் பாக்க அம்மாந்தூரம் போணுமா? ரயில்ல பொன்னேரி, அங்கேர்ந்து பஸ்ஸு, ஆச்சு" என்கிறாள் என் மனைவி. காசிமேட்டுக்காரி, தண்ணீரைப் பற்றி அவளிடம் யாரும் வாதாட முடியாது. ஆனால் பழவேற்காட்டுக்குப் போவதென்றால் அவளுடைய பெரியம்மா வீட்டுக்குப் போவது. போனால் சாப்பிட வேண்டும், வராமல் இருந்ததற்குப் பதில் சொல்ல வேண்டும், யார் வீட்டுப் பெண்ணுக்கு இன்னும் வரன் அமையவில்லை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். படகில் ஏறி ஏரியைச் சுற்றவும் வழியில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்களை ஏற்றிப்போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு அங்கே படகு சவாரிக்குத் தடை வந்துவிட்டது.

ஏரி எது என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. மகள் ஜனவரியில் உட்கார்ந்துகொண்டு செப்டம்பரை எடுத்துக்கொண்டாளே, அந்தத் துணிச்சலைத்தான் இன்னும் நம்ப முடியவில்லை. "நைனா, இந்த பத்து நாள் நம்மது, வேற எதுவும் வெச்சுக்காத" என்று காலண்டரில் வட்டம் போட்டாள். எட்டு மாதம் கழித்து வரும் பத்து நாளை நம்முடையது என்று சொல்லிக்கொள்ள எங்கள் பக்கத்தில் யாருக்கும் பழக்கமில்லை. எங்களுடைய வேளாங்கண்ணிப் பயணம் முந்தின ராத்திரி முடிவாகும். வேன் கிடைத்தால் போவோம், டிரைவர் குடித்திருந்தால் மறுநாள் போவோம்.

நான் வேலை பார்ப்பது திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில். 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டப்படி இருபது நாள் உழைத்தால் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு சேர்ந்தது. எடுக்க வேண்டுமென்றால் பதினைந்து நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. வருடத்தில் மூன்று தடவைக்கு மேல் பிரித்து எடுக்கவும் முடியாமல் இருந்தது. ஆக, சட்டமே தொழிலாளியிடம் 'பதினைந்து நாள் முன்னாடி யோசி' என்றது. யோசித்தவர்கள் குறைவு. எங்கள் லீவெல்லாம் சாவுக்கும் காய்ச்சலுக்கும் போனது. மிஞ்சியதைக் காசாக்கி ஸ்கூல் ஃபீஸ் கட்டினோம். என் லீவில் ஒரு பகுதிதான் இப்போது இன்ஜினியராகி என்னை இத்தாலிக்குக் கூப்பிடுகிறது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

மனைவி வீட்டில் அந்தக் கதையும் கிடையாது. அவளுடைய அப்பா லாஞ்சில் போனவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் லாஞ்சுகள் வரிசையாகக் கட்டிக் கிடப்பதைப் பார்த்த வெளியூர்க்காரர் ஒருவர், "இவங்களுக்குத்தான் ரெண்டு மாசம் லீவாச்சே" என்று என்னிடம் சொன்னார். வலை பொத்துவதும், மரம் மாற்றுவதும், அடகுக்கடைக்குப் போவதும்தான் அந்த இரண்டு மாதம். வேலை நின்றுபோன நாள் வேறு, விடுமுறை வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தை மூடியபோதும் மீனவர்கள் கடலுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதை யாரும் ஓய்வு என்று சொல்லவில்லை.

வரப்போகும் நாட்களை முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்வது இந்தக் கரைக்குத் தெரியாததும் இல்லை. பழவேற்காட்டு ஊர்களில் பாடு என்று ஒரு முறை உண்டு: எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்வார்கள். தன் பாடு எப்போது வரும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். அவ்வளவு கச்சிதமாக நாளைப் பங்கு போடத் தெரிந்தவர்கள், சும்மா இருப்பதற்கென்று ஒரு நாளைப் பங்கில் வைத்ததில்லை.

சும்மா இருக்க வந்தவர்களும் இங்கே இருந்திருக்கிறார்கள். மதராஸ் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு காலத்தில் எண்ணூர்தான் ஓய்வுக்குப் போகிற ஊர். கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே பங்களா கட்டிக்கொண்டு படகு விட்டார்கள். அந்த எண்ணூரில்தான் பின்னால் 1970இல் அனல்மின் நிலையம் வந்து, 2017 வரை ஓடியது. சாம்பல் படிந்த கழியைப் பார்த்து வளர்ந்தவனிடம் இது பங்களா போட்டு இளைப்பாறிய இடம் என்றால் சிரிப்புதான் வரும்.

கார்டாவைப் பற்றித் தேடியதில் ஜெர்மன் கவிஞர் கதே அகப்பட்டார். வைமார் அரசில் பெரிய பதவியில் இருந்தவர். 1786 செப்டம்பரில், எங்கே போகிறேன் என்று சொல்லாமல், பிரபுவிடம் காலவரையற்ற லீவு கேட்டு எழுதிவிட்டு விடியற்காலை மூன்று மணிக்குக் கோச்சு வண்டியேறினார். முன்பதிவு எதுவும் இல்லை. கார்டாவில் எதிர்காற்று படகை மால்சேசினே என்ற ஊரில் ஒதுக்கிவிட, அங்கே கோட்டையைப் படம் வரைந்தவரை ஒற்றன் என்று நினைத்து ஊரார் சூழ்ந்துகொண்டார்கள். பேசித் தப்பித்தார்.

இதைச் சொன்னபோது மனைவி ஒற்றன் கதையை விட்டுவிட்டாள். "அங்க காத்து எப்படி?" என்றாள். விடியலில் வடக்கிலிருந்து பெலேர் என்று ஒரு காற்று, மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து ஓரா என்று ஒரு காற்று என்று மகள் படித்துச் சொன்னாள். "காலைல வாடை, மத்தியானம் தென்னலு. அப்போ காலைலயே படகு ஏறிடணும்" என்று தீர்மானமாகச் சொன்னாள் மனைவி. பயணத்துக்கு அவள் ஒத்துக்கொண்டது அப்போதுதான். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள்: ஒரு நாள் முழுக்க எங்கேயும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

கதேவுக்கு இல்லாத சங்கடம் இங்கேதான். விசாவுக்கு 30,000 யூரோ இன்ஷூரன்ஸ், தங்குமிடச் சான்று, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றோடும் எந்தெந்த நாள் எங்கே இருப்போம் என்ற பட்டியலும் வைக்க வேண்டுமாம். ஆறாம் நாள் கட்டம் காலியாக இருக்கிறது. எதையாவது போட்டாக வேண்டும் என்று மகள் கோட்டையும் மியூசியமுமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். 'ரூமில் இருப்பார்கள்' என்றே எழுது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படி எழுதினால் விசா கொடுப்பார்களா என்பது அவளுடைய கவலை.