பெயரும் எண்ணும் அமானிதமே

கொடைக்கானலுக்குச் செல்லும் வெளியூர்க் குடும்பங்கள், சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும். விடுதியில் ஆதார் நகலும் கேட்கிறார்கள். பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஏரியைப் பார்க்கப் போய்விடுகிறோம். நாம் கொடுத்தவை வெறும் எழுத்துகளல்ல, அமானிதம்.

ஹிஜ்ரத்தின்போது, தம்மைக் கொல்லத் துணிந்த மக்காவாசிகளின் அமானிதப் பொருள்களையும் உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பொருளைத் திருப்பித் தரலாம். வெளியே போய்விட்ட இரகசியத்தை எப்படித் திருப்பித் தருவது?

2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய மருத்துவ விவரங்கள் டெலிகிராமில் வெளியாயின. திருடியவர் மீதும் டெலிகிராம் மீதும் நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. திருடியவன் குற்றவாளிதான். ஆயினும் அமானிதத்தை வாங்கி வைப்பவரின் பொறுப்பு அதோடு தீராது. திருப்பித் தர இயலாதபோது, நடந்ததை மறைக்காமல் உரியவரிடம் சொல்வது கடமை. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதையே விதிக்கிறது. பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் அது அரசுக்குச் சேரும். தமக்கு நேர்ந்த நட்டத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்.

பொறுமை என்பது கைகட்டி இருப்பதல்ல. கடவுச்சொல்லை மாற்றுங்கள், ஓ.டி.பி.யை எவரிடமும் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930க்குப் பேசுங்கள். விடுதியில் எண் மறைத்த ஆதார் நகலைக் கொடுத்துப் பாருங்கள்.

நம் கடை நோட்டிலும் ஜமாஅத் பதிவேட்டிலும் பிறருடைய விவரங்கள் இருக்கின்றன. அவற்றை நாம் எப்படிக் காக்கிறோம்?