காசு கொடுத்தால் மீன் வருமா?

ஒரு சின்னக் கேள்வி. காசு கொடுத்து ஒரு டிக்கெட் வாங்குகிறீர்கள். அந்தத் துண்டுச் சீட்டு உங்களுக்கு எதற்கெல்லாம் உரிமை தருகிறது?

சினிமா டிக்கெட் என்றால் பதில் சுலபம். இரண்டரை மணி நேரம், ஒரு நாற்காலி, கொஞ்சம் ஏ.சி. படம் மொக்கை என்றால் திட்டிக்கொண்டே வெளியே வரலாம். பணம் திரும்ப வராது. ஹோட்டலில் சாம்பார் ஊசிப் போயிருந்தால் முதலாளியைக் கூப்பிட்டுச் சண்டை போடலாம். நியாயம் உங்கள் பக்கம்தான். மிருகக்காட்சி சாலையில் புலி குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தால்? இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. கல்லெடுத்து எறிந்து அதை எழுப்பப் பார்க்கும் ஆசாமிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கேட்டால் ஒரே பதில்: "காசு கொடுத்துத்தானே சார் உள்ளே வந்தோம்?"

கடலுக்குள் இறங்கினால் இந்தக் கேள்வி இன்னும் ஆழமாகிவிடுகிறது.

இப்போது நம் ஊரிலிருந்து அந்தமானுக்குப் போகிறவர்கள் அதிகம். தேனிலவு, ஆபீஸ் டூர், குடும்பத்தோடு கோடை விடுமுறை. போர்ட் பிளேர் என்று நாம் படித்த ஊருக்கு 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கிருந்து கப்பல் பிடித்தால் ஹேவ்லாக். அதுவும் 2018 டிசம்பரிலிருந்து ஸ்வராஜ் தீவாகிவிட்டது. அங்கே எலிஃபன்ட் பீச் என்று ஓர் இடம். போகிறவர்கள் தவறாமல் செய்வது ஸ்நார்கெலிங்.

தெரியாதவர்களுக்காக: பெரிய வித்தை ஒன்றுமில்லை. கண்ணையும் மூக்கையும் மூடுகிற கண்ணாடி ஒன்று. வாயில் கவ்விக்கொள்ள ஒரு குழாய். அதன் மறுமுனை தண்ணீருக்கு மேலே நிற்கும், அது வழியாக மூச்சு விடவேண்டும். லைஃப் ஜாக்கெட் மாட்டி, ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்தால் கைடு இழுத்துக்கொண்டு போவார். நீச்சல் தெரியாதவர்கள்கூடத் துணிந்து இறங்குகிறார்கள்.

தலையைத் தண்ணீருக்குள் விட்டதும் வேறு ஓர் உலகம். நீமோ படத்தில் பார்த்த கோமாளி மீன் கடல்சாமந்திக்குள் ஒளிந்து எட்டிப்பார்க்கும். கிளிமீன் பவளத்தைக் கரக் கரக்கென்று கடிக்கும் சத்தம் காதில் விழும். அது கடித்துத் தின்று வெளியே தள்ளுவதுதான் பல தீவுகளில் நாம் ரசிக்கிற வெள்ளை மணல். கேட்டால் கொஞ்சம் அருவருப்பாக இருக்கலாம். உண்மை அதுதான்.

எலிஃபன்ட் பீச்சில் எங்கள் குழுவுக்கு வந்த கைடு ஒரு தமிழ்ப் பையன். இறங்குவதற்கு முன் ஒன்று சொன்னான். "கால மட்டும் கீழ ஊனிடாதீங்க சார். எல்லாரும் பாறைன்னு நெனச்சு ஏறி நின்னுடுறாங்க. அது பாறை இல்ல, உசுரு."

யோசித்தால் நம் மொழியே நம்மை ஏமாற்றுகிற இடம் இது. 'பவளப்பாறை' என்று பெயர் வைத்துவிட்டோம். பாறை என்றால் ஏறி நிற்கத்தானே தோன்றும்? உண்மையில் அது பல ஆயிரம் குட்டிக்குட்டிப் பிராணிகளின் குடியிருப்பு. கோளமாக வளரும் பவள வகைகள் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். தென்னை மட்டை அகலத்துக்கு ஒரு துண்டு உடைந்தால், அதை மீண்டும் கட்டப் பல வருடங்கள் ஆகும். உடைக்க ஒரு குதிகால் போதும்.

அன்று தண்ணீர் கொஞ்சம் கலங்கியிருந்தது. மீன்கள் அதிகம் தென்படவில்லை. எங்கள் குழுவில் குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சத்தம் போட ஆரம்பித்தார்.

"எங்கப்பா மீனு? வீடியோல கூட்டம் கூட்டமா காட்டினீங்களே?"

"நேத்து மழை சார். தண்ணி தெளியல."

"அதெல்லாம் எனக்கெதுக்கு? காசு குடுத்திருக்கோம்ல?"

பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "காசு எனக்குத்தான சார் குடுத்தீங்க. மீனுக்குக் குடுக்கலியே."

கொஞ்ச தூரத்தில் வேறொரு குழு. அவர்களுடைய கைடு இடுப்பிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நொறுக்கித் தூவினார். சொல்லி வைத்தாற்போல மீன்கள் மொய்த்தன. ஒரே கைத்தட்டல். "பாத்தியா, அவரு காட்றாரு. நீ சும்மா இழுத்துட்டுத் திரியற" என்றார் நம்மவர். கரைக்கு வந்ததும் டிப்ஸ் யாருக்குப் போயிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது சொல்லுங்கள். இந்த இரண்டு பேரில் யார் நல்ல வியாபாரி? யார் நல்ல கைடு?

நான் படித்தது பி.காம். வணிகச் சட்டம் என்று ஒரு தாள் உண்டு. 1930-ம் வருடத்துப் பொருள் விற்பனைச் சட்டத்தை உருப்போட்டு எழுதி மறந்துவிட்ட எத்தனையோ பேரில் நானும் ஒருவன். ஆனால் அதில் ஒரு விதி மட்டும் மறக்கவில்லை. விற்பவனுக்கு ஒரு பொருளின் மேல் எவ்வளவு உரிமை இருக்கிறதோ, அதைவிட அதிகமாக வாங்குபவனுக்குக் கிடைக்காது. திருட்டு சைக்கிளை நீங்கள் நல்ல விலை கொடுத்து வாங்கினாலும் அது உங்கள் சைக்கிள் ஆகிவிடாது. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அடிப்படை இதுதான்.

இந்த விதியைக் கடலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். படகு அவர்களுடையது, விற்கலாம். கண்ணாடி, குழாய், ரப்பர் வளையம், எல்லாம் சரி. அந்தப் பையனின் கைவலு, எந்த இடத்தில் நீரோட்டம் இழுக்கும், எந்த இடத்தில் கால் பட்டால் கிழிக்கும் என்கிற அவனுடைய அனுபவம், இதற்கெல்லாம் விலை உண்டு. ஆனால் கோமாளி மீன்? அது யார் கணக்கிலும் சரக்கிருப்பாக இல்லை. அதை விற்க எவனாலும் முடியாது. ஆகவே நீங்கள் அதை வாங்கவும் இல்லை.

அப்படியானால் நாம் எதைத்தான் வாங்கினோம்? பழைய ரோமானியச் சட்டத்தில் இதற்கு ஓர் அழகான பதில் இருக்கிறது. மீனவன் வலையை வீசப் போகிறான். வீசுவதற்கு முன்பே ஒருவன், "இந்த வலையில் என்ன விழுந்தாலும் எனக்கு" என்று விலை பேசிவிடுகிறான். வலை காலியாக வந்தால்? அப்போதும் பேசிய பணத்தைக் கொடுத்தாக வேண்டும் என்றார்கள். காரணம், அவன் வாங்கியது மீனை அல்ல, மீன் கிடைக்கலாம் என்கிற நம்பிக்கையை. இரண்டாயிரம் வருடங்களுக்கு முந்தைய ஆட்களுக்குப் புரிந்திருக்கிறது. நமக்குத்தான், "காசு கொடுத்திருக்கோம்ல?"

'ஒரு பிஸ்கட்டுக்கு இத்தனை பிரசங்கமா?' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. அந்த ஒரு பிஸ்கட்டின் கதை ஏற்கெனவே ஓர் இடத்தில் முழுசாக நடந்து முடிந்திருக்கிறது.

ஹவாய் தீவுகளில் ஹனவ்மா விரிகுடா. எரிமலை வாய்க்குள் கடல் புகுந்து உண்டான இடம். 1967-லேயே அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்துவிட்டார்கள். மீன் பிடிக்கத் தடை. அதனால் மீன்கள் பெருகின. மீன்களைப் பார்க்க ஆட்கள் பெருகினார்கள். ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். பிடிக்கத்தான் கூடாது, போடலாமே என்று ரொட்டியும் பட்டாணியும் தூவினார்கள். எல்லாம் அன்பின் பேரில்தான்! மீன்கள் என்ன ஆயின? சாப்பாட்டுக்காக மனிதர்களைத் துரத்த ஆரம்பித்தன. பாசியை மேய்ந்து பவளத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டிய இடத்தில் முரட்டு மீன்களின் கை ஓங்கியது. 1999-ல் தீனி போடுவதற்குத் தடை வந்தது. 2002-லிருந்து, தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஒரு குறும்படம் பார்த்தாக வேண்டும் என்று விதி. எதைத் தொடக் கூடாது, எங்கே நிற்கக் கூடாது என்று சொல்லும் படம். இப்போது ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பும், கடலுக்கு வார விடுமுறையும் இருக்கிறது.

தாய்லாந்தின் மாயா பே கதையும் இதுதான். 2000-ல் ஒரு ஹாலிவுட் படத்தில் வந்து உலகப் புகழ் பெற்ற கடற்கரை. ரசிகர்களின் கூட்டம் தாங்காமல் 2018-ல் இழுத்து மூடினார்கள். திறப்பதற்கு 2022 ஜனவரி ஆகிவிட்டது. திறந்த பிறகும் நீந்தத் தடை. ஆட்கள் இல்லாத காலத்தில் கரையோரச் சுறாக்கள் திரும்பி வந்திருந்தன.

இந்த இடங்களையெல்லாம் பாழாக்கியவர்கள் கொள்ளைக்காரர்கள் இல்லை. கடலை ரசிக்க வந்தவர்கள். 'நான் எதையும் எடுக்கவில்லை, சும்மா பார்க்கத்தான் வந்தேன்' என்று மனசாரச் சொல்லக்கூடியவர்கள்.

இன்னொரு வாதமும் உண்டு. அதையும் நேர்மையாகப் பார்த்துவிடுவோம். பவளங்களுக்குப் பெரிய எதிரி சுற்றுலாப் பயணியின் குதிகால் இல்லை, கடலின் சூடு. தண்ணீர் வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் சுட்டாலே, பவளம் தனக்குச் சோறு போடும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகிறது. 2024 ஏப்ரலில், உலக அளவில் நான்காவது முறையாக இப்படி வெளுக்கிறது என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். இவ்வளவு பெரிய ஆபத்துக்கு நடுவில் என் ஒரு கால் என்ன பெரிய பாவம்?

வாதம் சரிதான். ஆனால் வீட்டில் ஒருவர் நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று வையுங்கள். 'ஏற்கெனவே முடியாமல்தானே கிடக்கிறார்' என்று சொல்லி அவர் நெஞ்சின் மேல் ஏறி நடப்போமா? தேறி வர வாய்ப்பிருப்பவரிடம் இன்னும் கூடுதலாக அல்லவா கவனம் வேண்டும்?

டிக்கெட் வாங்காமல் கடலுக்குள் இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு அந்தமான் வரை போக வேண்டாம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே, மன்னார் வளைகுடாவில், பாசி எடுக்கும் பெண்கள். பாம்பன் பக்கத்தில் சின்னப்பாலம் போன்ற ஊர்க்காரர்கள். கண்ணில் ஒரு கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, அவ்வளவுதான் உபகரணம். குழாயும் கிடையாது, கைடும் கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்துவருகிறார்கள். 1986-ல் அங்கே இருபத்தோரு தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா வந்தது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் முங்கிய இடம் ஒரே நாளில் அத்துமீறல் ஆனது. பின்னாளில் அதே கரையில், சுற்றுலா வருகிறவர்களைப் படகில் ஏற்றிக் கடலைக் காட்டும் திட்டங்கள் வந்தன.

கடற்கரைக்காரர்கள் எல்லாம் புனிதர்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த வளைகுடாவில்தான் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். இருபத்தொன்றில் இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. ஆனால் இந்தப் பாசிப் பெண்கள் செய்ததைக் கவனியுங்கள். மாதத்தில் சில நாட்கள்தான் பாசி எடுப்பது, பவளம் கிடக்கும் இடத்தில் இரும்பால் சுரண்டுவதில்லை என்று தங்களுக்குத் தாங்களே ஒரு வரம்பு போட்டுக்கொண்டார்கள். இதற்காகவும், தங்கள் உரிமைக்காக நின்றதற்காகவும் சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015-ல் சீகாலஜி என்கிற சர்வதேச விருது கிடைத்தது.

அந்தக் கடலை நம்பித்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அவர்களே, 'இதற்கு மேல் வேண்டாம்' என்று கையைக் கட்டிக்கொள்கிறார்கள். ஒரு மத்தியானப் பொழுதுக்குப் போகும் நமக்கோ மீன் வந்தே தீர வேண்டும், செல்ஃபியில் சிரிக்க வேண்டும். யாருக்கு உரிமை அதிகம் என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

அதற்காகப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். போங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் கிளிமீன் சத்தத்தை ஒருமுறை கேட்ட குழந்தை, பவளத்தைப் பாறை என்று இனி நினைக்காது. அந்தப் பையனுக்கும் நம்மால்தான் பிழைப்பு. 'வாடிக்கையாளர்தான் ராஜா' என்கிற மந்திரத்தை மட்டும் படகுத்துறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கடைக்காரர் வீட்டுக்கு ராஜாவாகப் போகலாம். அடுத்தவர் வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் போகமுடியும்.

போகும்போது கைடிடம், "என்னவெல்லாம் காட்டுவீங்க?" என்று கேட்பதற்கு முன்னால், "நாங்க என்னவெல்லாம் செய்யக் கூடாது தம்பி?" என்று கேளுங்கள். உயிருள்ள எதையாவது கையில் எடுத்துக் கொடுத்து, "தொட்டுப் பாருங்க" என்று ஒருவர் நீட்டினால், "வேண்டாங்க, இருந்த இடத்துலயே விட்டுடுங்க" என்று சொல்லுங்கள். அது கடல் அட்டையாக இருந்தால், 2001-லிருந்து புலிக்கு இணையான சட்டப் பாதுகாப்பு அதற்கு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

ஒரு நாள் தண்ணீர் கலங்கியிருக்கும், ஒன்றுமே தெரியாது. அன்றைக்கும் பேசின பணத்தை முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுங்கள். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காத கைடாக இருந்தால், டிப்ஸைக் கொஞ்சம் கூட்டியே கொடுங்கள். அவனுக்கு அது நஷ்டக் கணக்காக முடியக் கூடாது, பாருங்கள்.