பெரிய கரடி யாருடைய சாதனை?

வட அமெரிக்கக் காடுகளில் கருங்கரடிகள் பல லட்சம் உண்டு. அவற்றைச் சுட ஆண்டுதோறும் உரிமம் வாங்கிக்கொண்டு போகிறவர்களும் ஏராளம். ஆனாலும் வேட்டைக்காரர்கள் கனவு காணும் மாபெரும் கரடி எளிதில் அகப்படுவதில்லை. வாழ்நாள் முழுக்கக் காடேறியும் அப்படியொன்றைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்களே அவர்களில் மிகப் பெரும்பாலோர். இந்த அருமை எங்கிருந்து வந்தது? இதற்கு நேர்மையாக விடை தேடினால் வேட்டைக்காரருக்குப் பெருமை மிஞ்சாது.

எது பெரிய கரடி என்பதற்கு அங்கே ஓர் அளவுகோல் இருக்கிறது. 1887இல் தியோடர் ரூஸ்வெல்ட் முதலானோர் தொடங்கிய பூன் அண்டு கிராக்கெட் கிளப்பின் சாதனைப் பதிவேடு அது. அங்கே எடைக்கு மதிப்பில்லை. இலையுதிர்காலத்தில் கொழுத்து, குளிர்கால உறக்கத்தில் இளைத்துப்போகும் விலங்குக்கு எடை ஒரு நிலையான அளவாகாது. எனவே மண்டையோட்டை 60 நாள் காயவைத்து, அதன் நீளத்தையும் அகலத்தையும் கூட்டுகிறார்கள். கூட்டுத்தொகை 21 அங்குலத்தைத் தொட்டால்தான் எல்லாக் காலத்துக்குமான பட்டியலில் இடம்.

அந்த 21 அங்குலம் எப்படி உருவாகிறது? பெட்டைக் கரடியின் மண்டை சீக்கிரமே வளர்ந்து நின்றுவிடும். ஆண் கரடியின் மண்டையோ பல ஆண்டுகள் விரிந்துகொண்டே போகும். அதற்கு நல்ல தீனியும் வேண்டும். வடக்குக் கரோலினாவின் கடலோரச் சமவெளிக் கரடிகள் பெருத்துக் கிடக்கின்றன என்றால், அங்குள்ள நிலக்கடலை, சோளம், சோயா வயல்களுக்கும் அதில் பங்குண்டு. 1998இல் அங்கே சுடப்பட்ட ஒரு கரடியின் எடை 880 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 400 கிலோ. அந்த உடம்பைப் பெற்றோர் வழி வந்த கூறு கொடுத்தது, உழவரின் வயல் கொடுத்தது, ஆண்டுகள் கொடுத்தன. சுட்டவர் கொடுத்தது ஒரு தோட்டா.

இவற்றில் கிடைப்பதற்கு அரியது ஆண்டுகள்தாம். ஒவ்வொரு இலையுதிர்காலமும் துப்பாக்கிகள் காட்டுக்குள் நுழைகின்றன. மெய்ன் மாநிலத்தில் பழைய டோனட்டுகளையும் இனிப்புகளையும் கொட்டி வைத்து, அவற்றைத் தின்ன வரும் கரடியை மறைவில் இருந்து சுடுகிறார்கள். மோப்ப நாய்களை ஏவியும் பிடிக்கிறார்கள். இந்த முறைகளைத் தடை செய்யலாமா என்று 2004லும் 2014லும் அங்கே மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு முறையும் தடை தோற்றது. இப்படிப்பட்ட பருவங்கள் பலவற்றில் உயிர் தப்பிய ஆண் கரடிதான் பெரிய கரடி ஆகிறது. அரியதைத் தேடுவதாகச் சொல்லிக்கொள்ளும் கைகளே அதை அரிதாக்குவதில் பெரும்பங்கு வகிக்கின்றன. வளருமுன் சுட்டுத் தீர்த்துவிட்டு, வளர்ந்தது கிடைப்பதில்லையே என்று ஏங்குவதில் எந்த அறிவும் இல்லை.

சுடாமல் விட்டால் என்ன நடக்கும்? மின்னசோட்டாவில் ஆய்வாளர்கள் 1981இல் ஒரு பெட்டைக் கரடிக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டி, 56 என்று எண் கொடுத்தார்கள். பட்டை அணிந்த கரடிகளைச் சுடவேண்டாம் என்று வேட்டைக்காரர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அது 2013இல் முதுமையால் இறந்தது. வயது 39. காட்டில் அவ்வளவு காலம் வாழ்ந்ததாக அறியப்பட்ட கருங்கரடி அதுவரை வேறில்லை.

நம் ஊர்ச் சந்தைகளில் கரடி முடித் தாயத்து விற்பார்கள். குழந்தைக்குக் கட்டினால் பயம் தெளியும் என்பார்கள். செத்த விலங்கின் மயிரில் இருந்து மனிதனுக்குத் துணிவு பாயாது என்று நாம் வாதாடுகிறோம். அப்படியானால், செத்த விலங்கின் மண்டையோட்டில் இருந்து மனிதனுக்குப் புகழ் பாய்வது எப்படி? ஒன்றில் கறுப்புக் கயிறு, மற்றொன்றில் அச்சிட்ட சான்றிதழ். நம்பிக்கை ஒன்றேதான். ஒன்றை மூடத்தனம் என்றும் மற்றதைச் சாதனை என்றும் பிரிப்பவர் அறிவைப் பாதியில் நிறுத்திக்கொண்டவர்.

எதிர்வாதம் உண்டு, அதை மறைக்கவேண்டியதில்லை. 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீதான வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. உரிமக் கட்டணமும் அப்படியே. கறிக்காகச் சுடுவோரும், ஊருக்குள் வரும் கரடிகளைக் கட்டுப்படுத்தவேண்டிய இடங்களும் உண்டு. இருக்கட்டும். இவற்றில் எதுவும் இருப்பதிலேயே பெரிய கரடியைத் தேடிக் கொல்லச் சொல்லவில்லை. வரிப்பணம் மண்டையோட்டை அளந்து வருவதில்லை. கறி வேண்டுமென்றால் இளங்கரடியின் இறைச்சியே மென்மையானது.

ரூஸ்வெல்ட்டையும் சொல்வார்கள். 1902இல் மிசிசிப்பியில், மரத்தில் கட்டிப்போட்ட கரடியைச் சுட அவர் மறுத்தார். அந்த நிகழ்விலிருந்து டெடி கரடிப் பொம்மை பிறந்தது. காயப்பட்டுக் கிடந்த அந்தக் கரடியை அவர் சொற்படியே கத்தியால் கொன்று முடித்தார்கள் என்பதை அந்தப் பொம்மை சொல்வதில்லை. அந்த மறுப்பில் காப்பாற்றப்பட்டது வேட்டைக்காரரின் மானம் மட்டுமே. கரடிக்கு அதனால் ஒரு நாள்கூடக் கூடவில்லை.

பூன் அண்டு கிராக்கெட் கிளப்பின் கருங்கரடிப் பட்டியலில் உலக சாதனையாகப் பதிவான மண்டையோட்டின் அளவு 23 10/16 அங்குலம். 1975இல் யூட்டா மாநிலத்தின் சான்பீட் மாவட்டத்தில் கிடைத்தது. அதைச் சுட்டவர் என்று பதிவேட்டில் யாருமில்லை; செத்துக் கிடந்த கரடியிடமிருந்து எடுக்கப்பட்டது. பதிவேட்டின் உச்சிக்குப் போக ஒரு தோட்டாகூடத் தேவையில்லை என்பதை அந்தப் பதிவேடே நிரூபித்துவிட்டது.

ஆகவே இதைக் கேட்கிறேன்: இனி வேட்டையில் விழுந்த எந்த மண்டையோட்டுக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை, கண்டெடுத்தவற்றுக்கு மட்டுமே இடம் என்று விதியை மாற்றுங்கள். அதற்குப் பிறகும் மாபெரும் கரடியைத் தேடிக் காட்டுக்குப் போகிறவர் கரடிமேல் அன்புள்ளவர் என்று நம்பலாம். அன்றோடு துப்பாக்கியை மாட்டிவைத்துவிடுகிறவர் இத்தனை நாளும் தன் பெயரைத்தான் வேட்டையாடினார். ஒரு பெயரின் பசிக்கு ஓர் உயிரைப் பலியிடுவது அறமாகாது.