முப்பதில் ஒருத்தி

ரப்பர்ப் பால் வண்டிச் சக்கரங்களுக்கும் மருத்துவர் கையுறைகளுக்குமே செல்கிறதென்று நம்மவர் எண்ணுவர். அதனை மெல்லிய தாளாக்கி, பசையிட்டு ஒட்டி, உடலைக் கவ்விப் பளபளக்கும் உடையாக அணிவதில் தனி இன்பங் காண்போர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உளர். கேட்டவுடன் முகஞ் சுளிப்போர் நம்மிற் பலர். வயது வந்தோர் தம் விருப்பத்தோடு அணிவதைப் பற்றி எமக்கு வழக்கில்லை. பிறர் பெட்டியைத் திறந்து பார்த்து ஒழுக்கம் பேசுவது பகுத்தறிவாளர் தொழிலுமன்று. ஆராய வேண்டியது வேறொன்று.

இவ்வுடையணிந்த உருவங்களை இன்று கணிப்பொறியே வரைகிறது. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் யாவர்க்கும் திறந்துவிடப்பட்ட 'ஸ்டேபிள் டிஃப்யூஷன்' என்னும் வரைபொறி, 585 கோடிப் படங்களை விளக்கங்களோடு பட்டியலிட்ட 'லயோன்-5பி' என்னும் திரட்டின் பகுதிகளைப் பயின்றது. ஆயினும், அருகி வழங்கும் உடை அதற்குச் செவ்வனே வாராது. மடிப்பைப் பிழையாக இடும், பளபளப்பை எண்ணெய்ப் பூச்சாக்கும். ஆகவே விரும்புவோர் தாமே அதற்குப் பாடம் நடத்துகின்றனர். 2021-இல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர் மொழிப்பொறிகட்கென வகுத்த 'லோரா' என்னும் முறை இதற்குக் கைகொடுக்கிறது. பெரிய பொறியைத் தொடாமல் சிறியதோர் இணைப்பை மட்டும் பயிற்றுவது அது. இருபது முப்பது படங்களும் வீட்டிலுள்ள கணிப்பொறியுமே போதும்.

பாடம் நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குறிப்பு எழுதுவர்; உடைக்கென ஒரு புதுச் சொல்லையும் அதிற் சேர்ப்பர். குறிப்பில் எதனைச் சொல்லுகிறோமோ அது தனித்து நிற்கும். எதனைச் சொல்லாது விடுகிறோமோ அது அப்புதுச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். படங்கள் சிலவே ஆதலின், முதற்கட்டத்தில் உடையோடு அதனை அணிந்திருந்த பெண்ணின் முகமும் சேர்ந்து வந்துவிடுகிறது. பயிற்றுவோர் இதனைக் குறையென்பர். அதனை நீக்க, பொறி வரைந்தவற்றுள் முகம் மாறியவற்றைப் பொறுக்கி, அவற்றையே இரண்டாங் கட்டத்துக்குப் பாடமாக்குவர். மூன்றாங் கட்டம் முடிகையில் உடை மட்டும் எஞ்சும், முகம் கரைந்துபோம்.

முகத்தை அழித்தது அப்பெண்ணுக்குச் செய்த மரியாதையா, அன்றி அவளுக்குரிய கடனையே அழித்ததா?

மரியாதை என்பதில் ஓரளவு உண்மையுண்டு. தானறியாத கோலத்தில் தன் முகம் ஊர் சுற்றுவதை எவள் விரும்புவாள்? 2025 ஏப்ரலில் ஜொகூர் மாநிலம் கூலாயில், உடன் பயின்ற மாணவியர் படங்களை இத்தகைய பொறிகொண்டு ஆபாசமாக்கி விற்றதாக 16 வயதுச் சிறுவன் ஒருவன் கைதானதை நாம் மறக்கவில்லை. முகம் நீங்குவது நன்றே. ஆனால், அது நீங்கியதும் அவள் சென்று முறையிடும் வாயிலும் அடைபட்டுவிடுகிறது. உடை வெட்டிய தையற்காரரும், அதனை அணிந்து படமெடுப்பித்துப் பிழைத்த பெண்ணும், தமக்கெதிரே போட்டிக்கு வந்து நிற்பது தம்முடைய படமே என்று மெய்ப்பிக்கவியலாது.

585 கோடியில் ஒருவர் கடலில் ஒரு துளி; அவர் பங்கை அளப்பாரில்லை. முப்பதில் ஒருத்தியோ முப்பதில் ஒரு பங்கு! "பெரிய நிறுவனங்கள் செய்ததைத்தானே நாமுஞ் செய்தோம்" என்று இவர்கள் தப்ப முடியாமைக்கு இதுவே காரணம். முப்பது கடிதம் எழுதிச் சம்மதம் கேட்பது எவர்க்கும் இயலாத காரியமன்று.

ரப்பர்த் தோட்டக் கணக்கு எழுதியோர்க்கு இது எளிதில் விளங்கும். பல மரத்துப் பால் ஒரு தொட்டியிற் கலந்து, அமிலத்தில் உறைந்து, உருளையில் நசுங்கி, புகைக்கூண்டில் காய்ந்து ஷீட்டாகிவிட்டால், எது எவர் வெட்டிய பாலென்று எவராலுங் காட்டவியலாது. அதனாற்றான் தொட்டியில் ஊற்றுமுன் நிறுத்து, ஆள்பெயருக்கு நேரே பதிவது வழக்கம். (கிராணிக்கு ஏச்சு விழுவதும் அந்தத் தராசடியில்தான்.)

ஓவியனும் பிறரைப் பார்த்தே கற்கிறான், அவன் யாரைக் கேட்டான் என்பர் சிலர். ஓவியன் கண்டதிற் பெரும்பகுதியை மறந்து, ஆண்டுகள் பல உழைத்து, தன் பெயரை அடியிலிட்டு நிற்கிறான். அவனைப் பிடித்து வினவலாம். இணைப்புக் கோப்போ பெயரற்றுக் கைமாறுகிறது. வாங்குபவன் தான் எவர் படத்தையும் எடுக்கவில்லை என்கிறான். பயிற்றியவன் தன் கோப்பில் எவர் முகமும் இல்லை என்கிறான். இருவர் சொல்வதும் மெய்யே. முதற்கட்டத்துப் படங்கள் எவை, யாருடையவை என்னும் பட்டியலைக் கோப்போடு வெளியிடுங்கள் என்றால் மட்டும், அவருட் பெரும்பாலோர் வாய் திறவார்.